எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எத்தனை பிளக் மாட்டலாம்? வோல்ட், ஆம்பியர், ஓம் சொல்லும் கணக்கு

வாடகை வீடுகளில் இது வழக்கமான சிக்கல். 16 ஆம்பியர் பவர் பாயின்ட் சமையலறையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று இருக்கும். மற்ற இடங்களில் எல்லாம் சின்ன சாக்கெட்தான். கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராட், லேப்டாப் சார்ஜர் என எல்லாமே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வந்து சேரும். கொஞ்ச நேரத்தில் பிளக்கைத் தொட்டால் சுடும். ‘கரண்ட் போனா சூடாகத்தானே செய்யும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்தச் சூடு ஆபத்தானதா என்பதைப் பள்ளியில் படித்த சூத்திரங்களை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மூணு எண், ரெண்டு கணக்கு

வயரில் கரண்டைத் தள்ளும் அழுத்தம்தான் வோல்டேஜ். இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைச் சொல்வது ஆம்பியர். அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதைச் சொல்வது ஓம். ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இந்த மூன்றையும் இணைக்கிறது.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம் கிடைக்கும். வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட் கிடைக்கும். அவ்வளவுதான்.

1000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். இதையே 2000 வாட் கெய்சருக்குப் போட்டால் 8.7 ஆம்பியர், சுமார் 26 ஓம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘தடை அதிகமா இருந்தா சூடும் அதிகம்’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டில் வோல்டேஜ் மாறாமல் 230 ஆகவே இருப்பதால், நடப்பது அதற்கு நேர் எதிர். தடை பாதியானால் கரண்ட் இரு மடங்கு. வாட்டும் இரு மடங்கு.

சாக்கெட்டின் எல்லை எது?

சின்ன சாக்கெட்டில் 6 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதுதான் அதன் உச்சவரம்பு. பெரிய சாக்கெட்டின் 16 ஆம்பியருக்கு 3680 வாட்.

65 வாட் லேப்டாப் சார்ஜர் இழுப்பது 0.28 ஆம்பியர். நான்கு பேர் நான்கு லேப்டாப் மாட்டினாலும் 1.13 ஆம்பியர்தான். பிரச்சினையே இல்லை. ஆனால், 1500 வாட் கெட்டில் ஒன்றே ஒன்று 6.5 ஆம்பியர் இழுத்து எல்லையைத் தாண்டிவிடும். ஆக, எத்தனை பிளக் என்பது கேள்வியே இல்லை, மொத்தம் எத்தனை ஆம்பியர் என்பதுதான் கேள்வி.

பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருகுவதற்காகக் கடையில் விற்கும் கன்வெர்ட்டர் பிளக், வடிவத்தை மட்டும்தான் மாற்றும். சாக்கெட்டின் எல்லையை மாற்றாது.

எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகாதா?

நிஜமான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பிளக்கின் பித்தளை முனையும் சாக்கெட்டுக்குள் இருக்கும் தகடும் இறுக்கமாகத் தொட்டால், அந்த இடத்தில் தடை ஏறக்குறைய இருக்காது. தகடு லூசாகி, அங்கே அரை ஓம் தடை உருவானதாக வைத்துக்கொள்வோம். ஒரு தடையில் உண்டாகும் வெப்பத்தைக் கணக்கிட, கரண்டை அதே கரண்டால் பெருக்கி, மறுபடி தடையால் பெருக்க வேண்டும்.

லேப்டாப்புக்கு: 0.28 × 0.28 × 0.5. அதாவது 0.04 வாட். கையில் தெரியவே தெரியாது. கெட்டிலுக்கு: 6.5 × 6.5 × 0.5. ஏறக்குறைய 20 வாட். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதே வெப்பம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிக்கிக்கொள்கிறது.

எம்.சி.பி. இதைத் தடுக்காது. அது பார்ப்பது கரண்ட் எல்லை மீறுகிறதா என்பதை மட்டும். கெட்டிலின் 35 ஓமோடு லூஸ் கனெக்‌ஷனின் அரை ஓமும் சேர்வதால், கரண்ட் கூடுவதற்குப் பதில் லேசாகக் குறையவே செய்கிறது. எம்.சி.பி. பார்வையில் எல்லாம் நார்மல். இதற்குள் சூட்டில் தகடு கறுத்து, பிடிப்பு இன்னும் தளரும். தடை கூடும், சூடும் கூடும். இப்படியே போனால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம்.

என்ன செய்யணும்?

• சாதனத்தின் லேபிளில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். அதை 230-ஆல் வகுங்கள். விடை 6-ஐத் தாண்டினால், சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாக மாட்டுங்கள்.

• ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. போன்ற மோட்டார் சாதனங்களுக்கு இந்த நேர் வகுத்தல் சரிவராது. வாட் காட்டுவதைவிட அதிகக் கரண்டை அவை இழுக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். லேபிளில் உள்ள ஆம்பியரையே பாருங்கள்.

• பிளக் சுடுகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, ‘கிர்ர்’ சத்தமோ கருகல் வாசனையோ வருகிறதா? அந்த சாக்கெட்டை அன்றே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்.

• புதிதாகப் பவர் பாயின்ட் வேண்டுமென்றால் வீட்டு உரிமையாளரிடம் வயரையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் மெல்லிய வயரே இருந்தால், சாக்கெட்டை மட்டும் 16 ஆம்பியராக மாற்றுவது ஆபத்தை உள்ளே தள்ளி மூடுவது போலத்தான்.