பழைய டீசல் ஜீப்பை மறுபடி ஓட வைப்பது

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் பழைய ‘ஃபோர் வீல்’ வண்டி என்றால் பெரும்பாலும் மஹிந்திரா டீசல் ஜீப்தான். அரசுத் துறை ஏலத்தில் கழித்த வண்டியாகவோ, கரும்புக் கொல்லையில் டிரெய்லர் இழுத்த வண்டியாகவோ, பெரியவர் காலத்துக்குப் பிறகு யாரும் தொடாமல் கொட்டகையில் நின்றுவிட்ட வண்டியாகவோ அது புது உரிமையாளர் கைக்கு வந்து சேரும். வெளிநாட்டுப் பழைய லாரியையோ பிக்-அப்பையோ இங்கே கொண்டுவரப் பெரும்பாலும் வழியில்லை. ஓடிய வண்டியை இறக்குமதி செய்ய, அதன் வயது மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் வம்சாவளியைப் பார்த்தால் இந்த ஜீப்பும் கடல் தாண்டி வந்ததுதான்.

1947இல் மஹிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் உயரமான பானட் கொண்ட சி.ஜே. 3பி மாதிரி உரிமத்தின்பேரில் இங்கேயே தயாரானது. அமெரிக்காவில் அது 1968இல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் வம்சம் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. வில்லிஸ் எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது. டீசலுக்காக 1979இல் பிரான்சின் பியூஜோ நிறுவனத்திடம் எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினைச் செய்ய உரிமம் வாங்கினார்கள். எஞ்சினின் அளவு பெயரிலேயே இருக்கிறது: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டம் 90 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ.; கணக்குப் போட்டால் 2,112 சி.சி. வரும். பியூஜோ 504 டீசல் காரில் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். 1980களில் வந்த எம்.எம். 540 ஜீப்பை நாடெங்கும் கொண்டுசேர்த்தது இந்த எஞ்சின். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரின் நெல் வயலில் பிரெஞ்சு எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருப்பது தற்செயல்தான். ஆனாலும் மனதுக்குப் பிடித்த தற்செயல்.

பணம் கைமாறுமுன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சேஸிஸ் சட்டத்தில் அடித்திருக்கும் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண் இருக்கும் இடம் துருவேறி மங்கியிருந்தால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் பென்சில் பிரிண்ட் எழும்பாது. அங்கேயே வேலை நின்றுவிடும். எஞ்சின் எண்ணையும் விடக் கூடாது. இந்த ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவது சர்வ சாதாரணம். பியூஜோவைக் கழற்றி வைத்துவிட்டு 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சினையோ வேறு ஏதாவது ஒரு காரின் எஞ்சினையோ பூட்டியிருப்பார்கள். அனுமதியில்லாமல் அப்படிச் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஹரியானாவின் டப்வாலி, ராணுவம் கழித்த ஜீப் பாகங்களிலிருந்து வண்டி கட்டுவதற்குப் பேர்போன ஊர். அந்த மாதிரி வண்டியின் அழகைப் பார்த்து மயங்குமுன் அதன் காகிதத்தைப் பார்ப்பது அவசியம்.

பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு 20 ஆண்டு தாண்டிய இலகு வாகனத்துக்கான கட்டணத்தை 10,000 ரூபாயாகவும், இறக்குமதி செய்த நாலு சக்கர வண்டிக்கு 80,000 ரூபாயாகவும் உயர்த்தியது. உள்நாட்டில் பிறந்த ஜீப்பாக இருப்பதன் லாபம் இங்கே தெரியும். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்கு 2021 விதிகளின்படி ‘வி.ஏ.’ வரிசையில் பழம்பெரும் வண்டி எண் வாங்கலாம். ஆனால் அந்த எண்ணோடு தினமும் ஓட்டக் கூடாது என்பதால் விவசாயிக்கு அது உதவாது. புதுச்சேரியும் தமிழ்நாடும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கும் பகுதி இது. கடலூரிலோ விழுப்புரத்திலோ பதிவான வண்டியைப் பாகூரில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதானால் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றோடு 12 மாதத்துக்குள் புது எண் வாங்கியாக வேண்டும்.

வாங்கியவர் மனம் முதலில் எஞ்சினிடம் ஓடும், அடுத்து பெயிண்டிடம். இந்தக் கடலோரச் சமவெளியில் ஜீப்பைத் தின்பது இரண்டும் அல்ல, துருதான். பாகூரிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். காற்றிலேயே உப்பு இருக்கிறது. மண்ணோ ஈரத்தை இறுக்கிப் பிடிக்கும் வண்டல். நடவு வயலோரமும் கரும்பு வண்டிப் பாதையிலும் ஓடும் ஜீப்பின் சேஸிஸ் சட்டத்துக்குள் சேறு புகுந்து, அடை அடையாய்ப் படிந்து, ஆண்டுக்கணக்கில் காயாமல் கிடக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் முதல் கருவி ஸ்பானர் அல்ல, ஒரு சிறு சுத்தியல். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர், பாடி உட்காரும் பிராக்கெட் ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு ‘டிங்’ என்று மணிபோல் பதில் சொல்லும். செத்த இரும்பு ‘தொப்’பென்று கேட்கும். தொப்பென்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். துளை வழியே செம்மண் தூள்போல் துரு கொட்டும். அப்படிப்பட்ட இடத்தில் மேலாக ஒரு தகட்டை ஒட்டவைத்து வெல்டிங் அடிப்பது ஏமாற்று வேலை. துருவை மூடிவைத்தால் அது உள்ளே இன்னும் வேகமாகப் பரவும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைப் பொருத்திப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்துவிட வேண்டும். அடிப்பக்கமெங்கும் வேஸ்ட் ஆயில் பூசும் வழக்கம் ஊரில் உண்டு. துருவை அது கொஞ்சம் தடுக்கும். ஆனால் பட்டை புஷ், பிரேக் ஹோஸ் ஆகிய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், மழையில் கழுவி வயலுக்குள் இறங்கும். சட்டத்தின் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, உள்ளே தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, துரு தடுக்கும் பிரைமர் அடிப்பதுதான் பலன் தரும்.

அடுத்து ஆக்சில்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதன் தொடர்ச்சியாகச் சாத்தனூர் அணை நீரோடு பெருகிய தென்பெண்ணை பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால், எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும். ஆக்சில் ஹவுசிங்குக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். அந்தத் துளை வழியாகவும் ஆயில் சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கீழ்ப் பிளக்கைக் கழற்றினால் ஆயிலுக்கு முன்னே தண்ணீர்தான் வரும். அது அடியில் தங்கியிருக்கும். வண்டி அதன்பின் ஓடியிருந்தாலோ இரண்டும் கலந்து மோர் நிறத்தில் ஒழுகும். அந்த மோர் ஆயிலில் சுழன்ற கிரௌன் பினியனும் பேரிங்கும் சில மாதத்தில் ஊளையிடத் தொடங்கும். ஆயிலை வடித்து, டீசல் விட்டு அலசி, முழுக்க வடிந்தபின் புது கியர் ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் இதே கவனிப்பு தேவை.

முன் ஆக்சிலின் இரு முனையிலும் உருண்டையான இரும்புக் கிண்ணம் ஒன்று இருக்கும். சக்கரம் திரும்பும்போது அதன்மேல் ஒரு வளைய சீல் வழுக்கிக்கொண்டே போகும். கிண்ணத்தில் துருக் குழி விழுந்தால் அது சீலை அரத்தைப்போல் அறுத்துவிடும். எத்தனை புது சீல் போட்டாலும் சில வாரத்தில் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழியும். குழியை நிரப்பித் தேய்ப்பதோ கிண்ணத்தையே மாற்றுவதோதான் தீர்வு. கிங்பின் பேரிங் லொடலொடத்தால் ஸ்டீயரிங் பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும்.

பிரேக் நாலும் டிரம். நின்று கிடந்த வண்டியில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். காப்பாற்றப் பார்க்காமல் சிலிண்டர், ஹோஸ், பைப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது. ஒன்றரை டன் அளவு எடையுள்ள வண்டியை நிறுத்தும் பொருளில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எஞ்சினுக்கு இப்போதுதான் வர வேண்டும். பியூஜோ எஞ்சின் டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பதில்லை. பக்கத்தில் உள்ள சிறு அறையில் தெளித்து எரிய வைக்கிறது. குளிர்ந்த இரும்பு அந்த அறையின் சூட்டை இழுத்துவிடும் என்பதால் ஹீட்டர் பிளக் சூடேறச் சில நொடி காத்திருந்து செல்ஃப் அடிக்க வேண்டும். புதுச்சேரி மார்கழிக் காலைக்கும் அது தேவை. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டுவோர் பலர். பாதி நேரம் குற்றவாளி ஒரு ஹீட்டர் பிளக்கோ டீசல் லைனில் புகுந்த காற்றோதான்.

டீசலைத் தெளிக்க அனுப்பும் பம்புக்கு உயவு தருவது எஞ்சின் ஆயில் அல்ல, அதற்குள் ஓடும் டீசலே. டீசலில் தண்ணீர் கலந்தால் உள்ளே நுண்ணிய இடைவெளியில் சுழலும் பாகங்கள் வறண்டு கீறல் விழும். ஆகவே பழைய டீசலோடு ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றி, கையால் பிரைமரை அழுத்திக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஓடத் தொடங்கியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கலாம். உள்ளிருந்து புகை புஸ்புஸ்ஸென்று தள்ளினால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரெஷன்’. பிஸ்டன் ரிங் தேய்ந்த அடையாளம். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது நாசில் கோளாறு. குளிர்ந்த எஞ்சின் கொஞ்ச நேரம் வெள்ளையாக விடுவதற்குப் பயப்பட வேண்டாம். ரேடியேட்டரை மட்டும் முதலிலேயே கழற்றி அடைப்பெடுத்துவிட வேண்டும். சூடேறி ஹெட் வளைந்தால், மிச்சப்படுத்திய கூலியைப்போல் பல மடங்கு லேத் பட்டறைக்குப் போகும்.

பாகங்களுக்குப் பஞ்சமில்லை. புதியவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், பழையவை புதுப்பேட்டையில் கிடைக்கும். போடியிலிருந்து கேரள ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும் இன்னும் ஓடுவதால் அங்கெல்லாம் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது; ஒரே பேரில் இரண்டு மூன்று அளவு உண்டு.

டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் கடைசி. ஒழுக்கு நின்று, எஃப்.சி. முடிந்து, ஒரு மழைக்காலம் ஓடிய பிறகு அடித்தாலும் கெட்டுப்போவதில்லை.

புது உரிமையாளர் பழக வேண்டியது தரையில் நிற்கும் லீவர்கள். இந்த ஜீப்பில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். சேற்றில் அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையிலோ அந்த முறுக்கு கியர்களில் ஏறும், லீவர் கழன்று வராமல் இறுகும். ஆகவே வில்லியனூர்–விழுப்புரம் சாலையில் இரண்டு சக்கர ஓட்டம்; வரப்புப் பாதையில் இறங்கும் இடத்தில் நாலு. லோ கியர் வண்டியை ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாக்கி, அதே அளவு இழுவையைக் கூட்டும். வண்டி நின்றபின் போட வேண்டியது அது. மாதம் ஒருமுறையாவது ஈர மண்ணில் நாலு சக்கரத்தையும் ஓட விட்டால் லீவர் இறுகாது.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையின் யு-போல்ட், வீல் நட், பிராபெல்லர் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டியவை படிந்து உட்கார அந்த ஓட்டம் தேவைப்படும். எஞ்சின் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடலாம். கழற்றிய டிரெயின் பிளக்கில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்து வெயிலில் பார்க்க வேண்டும்: கறுப்புப் பசையாக இருந்தால் கவலையில்லை, செதிலாக மின்னினால் பேரிங்கைப் பிரித்துப் பார்க்கும் வேலை காத்திருக்கிறது.