மணிக்கூட்டு முகப்பில் ஒரு நாய்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் நகையை முதலில் வைத்தார். நகை தோன்றுதற்கு அவர் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று. ஒருநாள் இப்பகுதியை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசை மாணவர் ஒருவரின் மணிக்கட்டில் என் பார்வை விழுந்தது. அவர் கட்டியிருந்த மலிவான மணிக்கூட்டின் முகப்பில், விண்வெளி உடை தரித்த நாய்க்குட்டி ஒன்று துள்ளி நின்றது. "தொல்காப்பியம் கற்க வந்தவருக்குத் தொட்டிற்பிள்ளையின் விளையாட்டுப் பொருள் எதற்கு?" என்றேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

பாடம் முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா கோபிக்கக்கூடாது. இந்த நாய்ப்படத்துக்கும் மூவருடைய மரணத்துக்கும் தொடர்புண்டு. ஐயா ஒருமுறை அதைப் படித்துப் பார்க்கவேண்டும்" என்று பணிவுடன் கூறிச் சென்றார். படித்தேன். படித்ததைக் கூறுவது இப்பொழுது என் கடனாயிற்று.

அந்நாயின் பெயர் ஸ்னூப்பி. அதனைப் படைத்தவர் சாள்ஸ் ஷுல்ஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவைச் சித்திரக்காரர். 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் 'பீனற்ஸ்' என்னும் சித்திரத் தொடரைப் பத்திரிகைகளிற் தொடங்கியவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதனைத் தம் கையாலேயே வரைந்தார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதிச் சித்திரம் மறுநாட் பத்திரிகையில் வெளிவந்தது.

பத்திரிகையில் விளையாடிய நாய் விண்வெளிக்குச் சென்ற காரணம் துயரமானது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அமெரிக்கரின் 'அப்பலோ' விண்கலம் ஒன்றைத் தரையில் நிறுத்திச் சோதித்தபோது, ஒட்சிசன் நிறைந்த அதன் உட்கூட்டில் தீப்பற்றியது. உள்ளிருந்த வீரர் மூவரும் மாண்டனர். அதன்பின், தொழிலாளர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் விழிப்பை நிலைநிறுத்த ஓர் அடையாளம் வேண்டுமென நாசா நிறுவனம் கருதியது. கட்டளைகளும் எச்சரிக்கைகளும் எத்தனையோ இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் நாடியது ஸ்னூப்பியையே. ஷுல்ஸ் விண்வெளி உடையணிந்த நாயைத் தாமே வரைந்து, பொருள் பெறாது உதவினார். அவ்வுருவம் வெள்ளியிற் பொறிக்கப்பட்டுச் சிறு பதக்கமாயிற்று. விண்வெளிக்குச் சென்று மீண்ட அப்பதக்கத்தை, வீரர்தம் உயிர்க்காப்புக்குச் சிறப்பாக உழைத்தவர்க்கு விண்வெளி வீரர் ஒருவரே நேரில் அணிவிப்பது வழக்கம். 1969ஆம் ஆண்டு மே மாதத்தில், நிலவின் மேற்பரப்புக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வரை தாழ்ந்து நோக்கிய 'அப்பலோ 10' இறங்குகலத்துக்கும் ஸ்னூப்பி என்றே பெயரிட்டனர்.

இனி மணிக்கூட்டுக்கு வருவோம். 1970ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் 'அப்பலோ 13' புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து, புவியிலிருந்து 3 இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால், அதன் ஒட்சிசன் கலன் ஒன்று வெடித்தது. நிலவு கனவாயிற்று, உயிருடன் மீள்வதே பெரும்பாடாயிற்று. மின்சாரத்தைச் சேமிக்கக் கருவிகள் பல நிறுத்தப்பட்டன. திரும்பும் பாதையோ சற்றுப் பிழைத்திருந்தது. அதனைத் திருத்தாவிடிற் கலம் வளிமண்டலத்திற் பட்டுத் தெறித்து, மீளா வழியிற் சென்றிருக்கும். பொறியை 14 விநாடி மாத்திரம் இயக்குதல் வேண்டும். லவலும் ஹெய்சும் கலத்தை நிலைநிறுத்த, சுவைகேட் தம் கையிலிருந்த 'ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர்' மணிக்கூட்டைப் பார்த்து விநாடிகளை எண்ணினார். கையாற் சாவி கொடுக்கும் அம்மணிக்கூடு பிழைக்கவில்லை. ஏப்பிரல் 17ஆம் நாள் மூவரும் பசிபிக் கடலில் நலமே இறங்கினர்.

அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் ஒமேகா நிறுவனத்துக்கு வெள்ளி ஸ்னூப்பி விருது வழங்கப்பட்டது. அதன் நினைவாக 2003, 2015, 2020ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனம் ஸ்னூப்பியின் உருவம் பொறித்த மணிக்கூடுகளை வெளியிட்டது. 2015இல் வந்த முகப்பில், முதற் பதினான்கு விநாடிக் கோடுகளின் அருகே, அந்நேரத்தில் நீ யாது செய்யக்கூடும் என்னும் கருத்தமைந்த வினாவொன்று எழுதப்பட்டுள்ளது. 2020இல் வந்ததன் பின்புறத்தில், சிறு கலத்தில் அமர்ந்த ஸ்னூப்பி நிலவின் மறுபுறத்தைச் சுற்றிப் பறக்கின்றது.

என் மாணவரின் மணிக்கூடு இவ்வரிசையிற் சேர்ந்ததன்று. அப்படத்தின் சாயலை மாத்திரம் தாங்கிய எளிய பொருள். ஆயினும் அவர் அதன் வரலாற்றை அறிந்து அணிந்தார். நான் அறியாது நகைத்தேன். மூவரை இழந்தோர் இன்னொருவரை இழவாதிருக்க ஒரு சிரிப்பைக் காவல் வைத்தனர். நான் எழுப்பிய சிரிப்போ ஓர் இளைஞரைத் தலைகுனிய வைத்தது. இரண்டும் நகையே, இரண்டின் பயனும் ஒன்றன்று.

அடுத்த வகுப்பில், "எள்ளலுக்கு உதாரணம் தேட நூல்களைப் புரட்டவேண்டியதில்லை, சென்ற பாடத்தில் நானே காட்டிவிட்டேன்" என்று தொடங்கி, இவ்வரலாற்றை எல்லார்க்கும் கூறினேன், அம்மாணவரிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்பும் கேட்டேன். பாடம் முடியும் வேளையில், "தம்பி, மணி என்ன?" என்றேன். அவர் கையை மேசைமேல் வைத்துப் பார்த்துச் சொன்னார்.