விலக்கி அறிதல்

வடகிழக்குப் பருவத்தில் கல்வராயன் மலையில் பெய்யும் மழை, ஓடைகளாக இறங்கிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கோமுகி அணையை அடைகிறது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி. நீர்மட்டம் அதனை நெருங்கினால் உபரிநீரைத் திறந்தாக வேண்டும். அதற்குமுன் கரையோர மக்களை எச்சரிக்க வேண்டும். இன்றைய மழையைப் போன்றதொரு மழை முன்பு எப்போது பெய்தது, அன்று எவ்வளவு நீர் வந்தது என்பதை விரைந்து அறிந்தால், எச்சரிக்கையும் விரைந்து சென்று சேரும்.

கால வரிசையில் பதியப்பெறும் இத்தகைய அளவுகள் காலத்தொடர்த் தரவு எனப்படும். ஒரு மழைமானியின் மணிவாரிப் பதிவு 50 ஆண்டுகளுக்கு இருப்பதாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 4,38,000 எண்கள் இருக்கும். இன்றைய 24 மணிநேர மழையை அதன் ஒவ்வோர் இடத்திலும் பொருத்தி, மணிக்கு மணி வேறுபாடு கண்டு கூட்டினால், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கழித்தல்கள் தேவைப்படும். கணினிக்கு இஃது எளிது. நிமிடந்தோறும் பதிந்தாலோ, பதிவும் 60 மடங்கு, தேடும் துண்டும் 60 மடங்கு. ஆகவே வேலை 3,600 மடங்காகும். மழைமானிகள் பலவாயின் அது மேலும் பெருகும்.

இச்சுமையைக் குறைக்க ஓர் எளிய உண்மை உதவுகிறது. இன்றைய மொத்த மழை 120 மில்லிமீட்டர். பழைய நாளொன்றின் மொத்தம் 70 மில்லிமீட்டர். மொத்தங்களின் வேறுபாடு 50. மணிக்கு மணி கண்ட வேறுபாடுகளின் கூடுதல் இந்த 50ஐவிட ஒருபோதும் குறையாது. வேறுபாடு 30 மட்டுமே உள்ள ஒரு நாள் முன்னரே கிடைத்திருந்தால், இந்நாளை உள்ளே பிரித்துப் பாராமலே விலக்கிவிடலாம். இவ்வாறு உதவும் அளவு கீழ்வரம்பு எனப்படும். மொத்தங்களை முன்கூட்டியே கணித்து வைக்கலாம். எஞ்சிய நாள்களிலும், கூட்டிவரும்போதே 30ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ராகேஷ் அகர்வால், கிறிஸ்டோஸ் பலூட்சோஸ், அருண் சுவாமி ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்தின் வழிப்பட்டதே. அவர்கள் தொடரை அலைகளாகப் பகுத்து, முதற்சில எண்களைக்கொண்டே பொருந்தாதவற்றை விலக்கினர். உண்மையில் பொருந்தும் ஒன்றுகூட இதனால் தவறாது என்பதே இம்முறையின் சிறப்பு.

எனினும், ஒத்த மழை எப்போதும் ஒத்த வெள்ளத்தைத் தருவதில்லை. வறண்ட மண் நீரை உறிஞ்சும். நனைந்த மண் வழியவிடும். பழைய நாளைக் கணினி தேடித் தரும். அன்றைய மண்ணையும் அணையின் நீர்மட்டத்தையும் சீர்தூக்கி முடிவெடுப்பது மனிதர் கடமை.