முன்னறிவிப்பும் முன்னேற்பாடும்

கொரோனாவைப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. மார்ச் 24 இரவு 8 மணிக்கு 21 நாள் ஊரடங்கைப் பிரதமர் அறிவித்தார். நள்ளிரவே அது நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைகளுக்கு விலக்கு உண்டெனினும், அத்தெளிவு எட்டுமுன்னரே மக்கள் கடைகளில் திரண்டனர். விலகி நிற்க வேண்டிய இரவில் நெருங்கி நின்றனர்.

மாத ஊதியம் பெறுவோர்க்கே அது மாதக் கடைசி. கோவளத்தில் அன்றாடம் கடலுக்குச் சென்று உலை வைக்கும் மீனவர் எதைச் சேர்த்து வைப்பர்? அரிசி அட்டைதாரர்க்குத் தமிழக அரசு அளித்த 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் பேருதவியே. எனினும் அவை ஏப்ரலில்தான் கிட்டின.

ஊரடங்கின் தேவையை நாம் மறுக்கவில்லை. அவகாசம் அளியாமையே நம் மனக்குறை. இல்லத்தின் முன்னேற்பாடு அரசின் முன்னறிவிப்பைச் சார்ந்தது என்பதை ஆள்வோர் உணர்தல் வேண்டும்.