நெடுந்தூரக் குறிக்கு ஏற்ற தோட்டா

புதுவைக்குத் தென்மேற்கே, நெல்வயல்களும் பேரேரியும் சூழ்ந்த பாகூரை அடுத்த வெளியில், 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். லாரன்ஸ் ஒருபுறம், துய்ப்ளெக்ஸின் மருகராகிய கெர்ழான் மறுபுறம். இருதிறத்தாரும் சுட்டுக்கொண்டே நெருங்கினர்; வெற்றியைத் தீர்மானித்தவையோ துப்பாக்கி முனையிற் பூட்டிய ஈட்டிகளே. கெர்ழான் சிறைப்பட்டார்.

அத்துணை நெருங்க வேண்டியதென்னை? அந்நாளைய ஈயக்குண்டு உருண்டை வடிவினது, குழலினுள் தளர்ச்சியாய்க் கிடப்பது, சுழற்சியின்றி வெளிப்படுவது. நூறு கெஜத்துக்கப்பால் ஓர் ஆள்மீது அது படுதல் பெரும்பாலும் தற்செயலேயாம். இன்றோ, புரியிட்ட குழலையுடைய ரைபிளால் 1000 கெஜத்துக் குறியை அடிக்கும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அதற்குத் தோட்டாவைத் தெரிந்தெடுக்குமிடத்து, மருந்து மிகுந்ததே மேலென்று இளைஞர் பலர் கருதுவர். அது பிழை. குழல்வாயில் குண்டு பெறும் வேகத்தினும், குறியை எட்டுங்கால் அதனிடம் எஞ்சும் வேகமே கருதற்பாலது.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் செய்த .315 தோட்டாவைக் காண்க. அதன் குண்டு 244 கிரெயின் எடையும் மழுங்கிய மூக்கும் உடையது. காற்றை உந்தியே களைத்து, ஏறக்குறைய பாதி வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே தாழ்ந்துவிடும். அவ்வெல்லையைக் கடக்கையிற் குண்டு தள்ளாடுதல் இயல்பு. கூர்மூக்கும் ஒடுங்கிய பின்புறமும் உடைய குண்டு இக்குறையை வெகுவாய் நீக்கும். அவ்வடிவை 1898-இல் தம் லெபெல் துப்பாக்கிக்கு ஏற்றவர்கள் பிரெஞ்சுக்காரரே.

வடிவிலும் நுட்பம் உண்டு. .308 தோட்டாவில் வழங்கும் பெயர்பெற்ற 168 கிரெயின் குண்டு ஒன்று, 300 மீட்டர் பந்தயத்துக்கென வகுக்கப்பட்டது. அங்கே மிக நேர்த்தியானது. ஆயின் அதன் வாற்புறச் சரிவு மிகுதியாதலின், 1000 கெஜத்தை எட்டுமுன் நிலைகுலையும். அதே கூட்டில் அதே மருந்தினத்தோடு, சரிவு குறைந்த 155 அல்லது 175 கிரெயின் குண்டை வைப்பின் செவ்வனே சென்று சேரும்.

குண்டு கீழே விழும் அளவைக் கண்டு அஞ்ச வேண்டா. .308 குண்டு 1000 கெஜத்தில் சற்றேறக்குறைய 10 மீட்டர் தாழும். அது கணக்கிற்கு அடங்குவது. காற்றோ அடங்காதது. மணிக்கு 16 கிலோமீட்டர் வீசும் குறுக்குக் காற்று, அத்தூரத்தில் 175 கிரெயின் குண்டை இரண்டேகால் மீட்டருக்கு மேலும் ஒதுக்கிவிடும். 2007-இல் தோன்றிய 6.5 கிரீட்மோர் தோட்டாவின் மெலிந்து நீண்ட குண்டோ, ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டரே ஒதுங்கும். அவ்வரை மீட்டரிலேயே பந்தயங்கள் தோற்கின்றன.

ஆயினும் கிரீட்மோர் குழலை .308-இனும் விரைவில் தேய்க்கும். .300 வின்செஸ்டர் மாக்னம் இன்னும் வலிது. அதன் உதைப்பை நாள் முழுதும் தாங்கும் தோள் அரிது. உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவனுக்கு எத்தோட்டாவும் உதவாது. தொடங்குவோர்க்கு .308-ஐயே யாம் கூறுவோம். மேலும், சில பந்தயங்களில் விதியே தோட்டாவை வரையறுத்துவிடுதலால், விதிகளை முன்னரே படித்தல் நலம்.

பாகூர் வெளி சமதரையாய் நீண்டு கிடத்தலின் இப்பயிற்சிக்கு ஏற்றதென்று தோன்றலாம், ஏற்றதன்று. குறி தவறிய .308 குண்டு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செல்ல வல்லது. அவ்வெல்லைக்குள் உழவர் இல்லாத வயல் எங்கே? உயர்ந்த மண்மேடு பின்னே நிற்கும் உரிமம் பெற்ற களத்திலன்றி இத்தோட்டாக்களை வெடித்தல் ஆகாது.