பாட்டி ஜாடை பேத்திக்கு வருவது எப்படி? 40 நாள் செடி சொல்கிறது!

பாட்டியின் ஜாடை அப்பாவிடம் இருக்காது. பேத்தியிடம் இருக்கும். "அப்படியே பாட்டியை உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள்.

இந்த மர்மத்துக்கு வழி கண்டவர் மெண்டல் பாதிரியார். மடத்துத் தோட்டத்தில் பட்டாணி போட்டு, 1856 முதல் 8 ஆண்டு பாடுபட்டார். சுமார் 28 ஆயிரம் செடிகள்!

பள்ளிக்கூடத்தில் 8 ஆண்டு காத்திருக்க முடியுமா? பையன் பாஸாகிப் போய்விடுவானே! கரும்பலகையில் கட்டம் போட்டு, "மூன்றுக்கு ஒன்று" என்று மனப்பாடம் செய்யச் சொல்வதோடு சரி.

அவசரக்காரச் செடி

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானி பால் வில்லியம்ஸ். முட்டைக்கோஸ் வகைப் பயிர்களின் நோயை ஆராய்ந்தவர். மாதக்கணக்கில் காத்திருந்தால் வேலை ஆகாது என்று, சீக்கிரம் பூக்கும் செடிகளின் விதையை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப விதைத்தார்.

கிடைத்தது ஒரு அவசரக்காரச் செடி. 2 வாரத்தில் பூ. சுமார் 40 நாளில் விதை. நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகுக்கு நெருங்கிய சொந்தம்! ஒரு சாண் உயரம்தான். ராத்திரி பகலாக டியூப் லைட் எரிந்தால் வகுப்பறையிலேயே வளரும். 1980-களில் அங்குள்ள பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

செத்த தேனீ

ஒரு சங்கடம். இதற்குத் தன் மகரந்தம் ஆகாது. வேறு செடியினுடையதுதான் வேண்டும். வகுப்பில் தேனீக்கு எங்கே போவது? செத்த தேனீயைப் பல்குத்தும் குச்சியில் ஒட்டிப் பூவுக்குப் பூ தேய்க்கிறார்கள் மாணவர்கள்!

ஊதாத் தண்டுச் செடியையும் பச்சைத் தண்டுச் செடியையும் சேர்த்தால், பிள்ளைகள் அத்தனையும் ஊதா. பச்சை போயே போச்சு!

அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்து, அந்த விதையைப் போட வேண்டும். முளைத்த ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். நாலில் ஒன்று பச்சை. பாட்டி திரும்பி வந்துவிட்டாள்!

கணக்கு உதைக்கும்

ஆனால் 40 நாற்றில் சரியாக 10 பச்சை வருமா? 13 வரலாம். 7 வரலாம். பையன் திருதிருவென்று விழிப்பான். "மூணைப் பிடுங்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்று கை துறுதுறுக்கும்.

பிடுங்கினால் பாடமே போச்சு! வகுப்பு முழுக்க எண்ணியதைக் கூட்டினால், மூன்றுக்கு ஒன்று தானாக நெருங்கி வரும். நாற்று கூடக் கூடக் கணக்கு படிந்து வருவதைப் பையன் கண்ணால் பார்ப்பான். கரும்பலகையில் இது கிடைக்காது.

மெண்டலுக்கே பட்டாணிப் பூவில் ஊதா 705, வெள்ளை 224. கச்சிதமாக இல்லை. இருந்தும் அவருடைய மொத்தக் கணக்கைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமாக வருமா?" என்று 1936-ல் சந்தேகம் கிளப்பினார் புள்ளியியல் நிபுணர் பிஷர். பாதிரியார் மறைந்து அப்போதே 52 ஆண்டு. அந்தச் சண்டை லேசில் ஓயவில்லை.