சன்னலைச் சாத்தாதீர்கள்!

நெல்லை ஜங்ஷனில் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். சுலோசன முதலியார் பாலத்தின் மீது தாமிரபரணியைக் கடந்த சிறிது நேரத்துக்கெல்லாம், "வண்ணார்பேட்டை! வண்ணார்பேட்டை இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பையும் கூடையுமாகப் பத்துப் பேர் இறங்குவார்கள். துணி வெளுத்துக் கொடுத்த மக்களின் பெயரைத்தான் அந்தப் பேட்டை தாங்கி நிற்கிறது. சொல்பவர் மனத்தில் கல்மிஷம் இல்லை; கேட்பவர் மனமும் நோவதில்லை.

ஆனால் ஒரு ஜாதிப் பெயரைத் தெருக்குழாயடியில், நாலு பேர் நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மேல் வீசினால்? அங்கே அது பெயர் அல்ல, சவுக்கடி.

இந்தக் காட்சியைச் சற்று கற்பனை செய்து பாருங்கள். குழாயடியில் குடத்தை வைத்த ஒரு பெண்ணைப் பார்த்து, "உன் ஜாதிக்கு இங்கே என்ன தண்ணீர்?" என்று ஒருவர் கத்துகிறார். எதிர் வீட்டு மாடியில் நிற்கும் மருமகள் திடுக்கிட்டுப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து மாமியார் குரல் வருகிறது: "நமக்கு எதுக்கும்மா ஊர்வம்பு? சன்னலைச் சாத்திட்டு உள்ளே வா." மருமகளும், "சரி அத்தை" என்று சாத்திவிடுகிறாள்.

அந்தச் சன்னல் சாத்தப்பட்டபோது சட்டத்தின் கதவில் பாதியும் சாத்தப்பட்டுவிட்டது. எப்படி என்கிறீர்களா?

1989-ல் இயற்றப்பட்டது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் ஜாதியினரையும் பழங்குடியினரையும், அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் ஜாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகம் போனால் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. "அவள் என்ன ஜாதி என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்ற சாக்கும் எளிதில் செல்லாது. அவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், ஜாதியும் தெரியும் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு.

'பொதுமக்கள் பார்வையில்' என்ற இரண்டு சொற்களில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. வீட்டு வாசலில் நடந்தாலும், சாலையில் போகிறவர் காணக்கூடிய இடமென்றால் அது பொதுப்பார்வைதான் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இந்தப் பிரிவில் வராது என்று 2020-லும், ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஜனவரியிலும் கூறி, அந்தக் குற்றச்சாட்டுகளைத் தள்ளியது. ஜாதியைக் காரணமாக வைக்காத வெறும் கோபச் சொல்லும் இதில் சேராது என்பது 2024 தீர்ப்பு. இணையத்தில் எல்லோரும் காணும்படி இழிவாகப் பேசுவதும் பொதுப்பார்வையே என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் கருதியது.

ஆகவே என்ன சொன்னார், எங்கே நின்று சொன்னார், யார் கேட்டார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில், மாடிச் சன்னலில் நின்ற அந்த மருமகள்தான்!

பாதிக்கப்பட்ட சகோதரிக்கு ஒரு யோசனை. அன்றிரவே ஒரு காகிதத்தில் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். 2018-ல் வந்த திருத்தத்தின்படி, வழக்குப் பதிவு செய்யுமுன் பூர்வாங்க விசாரணை என்று இழுத்தடிக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், நெல்லை நகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பின்னும் நடவடிக்கை இல்லையேல் கோர்ட்டை அணுகலாம். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கும் இதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

"வக்கீலுக்குப் பணம்?" என்று கேட்பீர்கள். பெண்களுக்கும், பட்டியல் ஜாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் பேசலாம். வன்கொடுமைப் புகார்களுக்கென்றே 14566 என்ற எண் இருக்கிறது. 2016-ல் திருத்திய விதிகள், ஜாதி சொல்லி அவமதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவித் தொகை வகுத்தன: வழக்குப் பதிவானதும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் பாதி, தண்டனையானால் மீதி. இதற்குப் பார்க்க வேண்டிய கலெக்டர் ஆபீஸ், வண்ணார்பேட்டைக்குப் பக்கத்திலேயே கொக்கிரகுளத்தில் இருக்கிறது.

சாட்சிக்கும் சட்டம் துணை நிற்கிறது. பயப்படும் சாட்சிக்குப் பாதுகாப்பு, கோர்ட்டுக்கு வந்து போகும் செலவு, அன்றையப் படி எல்லாம் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

பட்டியலில் இல்லாத ஜாதியாரை, மற்ற மதத்தாரை இழிவு செய்தால்? 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை இருக்கிறது. ஜாதி, மதம், மொழி சொல்லிப் பிரிவுகளுக்கிடையே பகை மூட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது அதன் 196-ஆம் பிரிவு. ஆனால் முன் சொன்ன உதவித் தொகை வன்கொடுமைச் சட்டத்துக்கே உரியது.

'ஒரு சொல்லுக்கா இத்தனை பாடு?' என்று சிலர் எண்ணலாம். 2023 ஆகஸ்டில் இதே ஜில்லாவின் நாங்குநேரியில் என்ன நடந்தது? பள்ளியில் தனக்கு நேர்ந்த தொல்லையைச் சொன்ன பட்டியல் ஜாதி மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகூடக் கூடாது என்று அது சொன்னது. முதலில் கயிறு, பிறகு சொல், அதற்குப் பிறகு அரிவாள். சொல்லிலேயே தடுத்திருந்தால்?

குழாயடிச் சண்டையில் நீங்கள் குறுக்கே விழ வேண்டாம். கேட்டதைக் கேட்டேன் என்று சொன்னால் போதும். மறுநாள் அந்தப் பெண் குடத்துடன் வரும்போது, "நேற்று அவர் சொன்னது என் காதில் விழுந்ததம்மா; கேட்டால் சொல்லுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவமானத்தைச் சுமந்து நிற்பவளுக்கு, போலீஸ் நிலையத்தின் படி ஏறும் தைரியம் அந்த வார்த்தையில்தான் பிறக்கும்.

மாமியார்மார்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மருமகள் சன்னலருகே நின்றால், உள்ளே கூப்பிடாதீர்கள். நீங்களும் பக்கத்தில் போய் நில்லுங்கள்.